பெருமாளுக்குக் குளிருமா?

கார்த்திகை பிறந்ததும் திருமலையில் உடுப்பு மாறுகிறது. முடிகாணிக்கை செலுத்திவிட்டு வருகிறவர்களின் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளில் கம்பளிக் குல்லாய் ஏறுகிறது. அலிபிரியிலிருந்து 3,550 படிகள் ஏறி வேர்த்து விறுவிறுத்து வந்தவர்கள், மேலே வந்து நின்ற கொஞ்ச நேரத்திலேயே நனைந்த சட்டை முதுகில் சில்லென்று ஒட்ட, பைக்குள் ஸ்வெட்டரைத் துழாவுகிறார்கள். சேவைக்குச் சீட்டு வாங்கியவர்கள் வேட்டி, புடவை போன்ற மரபு உடையில்தான் போக வேண்டும். அரக்குப் பட்டுக்கு எந்த நிறச் சால்வை எடுபடும், மடிப்புக் கலையாமல் அதை எப்படிப் போர்த்துவது என்று அறை வாசலில் நின்றபடி பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். சாமி கும்பிடப் போகிற இடத்தில் அழகு எதற்கு என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது.

திருமலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரம். காஷ்மீரத்துக் குளிரெல்லாம் இங்கே கிடையாது. ஆனாலும் வடகிழக்குப் பருவமழை நனைத்துவிட்டுப் போன மலைக்காற்று, சென்னையிலும் நெல்லூரிலும் புழுங்கிப் பழகிய உடம்பை உலுக்கிவிடும். கார்த்திகையிலும் மார்கழியிலும் விடியற்காலை வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு. அப்படிப்பட்ட ஒரு விடியலில் வரிசையில் நிற்கும் குழந்தைக்கு ஒரு சந்தேகம் வரும்: உள்ளே நிற்கிற சாமிக்குக் குளிராதா?

பெரியவர்கள் சிரித்துக்கொண்டே கடந்து போகிற இந்தக் கேள்வியில் ஒரு நீண்ட வழக்கு அடங்கியிருக்கிறது. எங்கும் நிறைந்ததற்கு உடம்பு ஏது, உடம்பில்லாததற்கு உடை எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். அந்தியில் போர்வையும் விடியலில் வெதுவெதுப்பும் தேவைப்படுகிற ஒருவராகவே அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் மறுபக்கம். இரண்டு தரப்பும் தமிழிலும் தெலுங்கிலும் சளைக்காமல் வாதாடியிருக்கின்றன.

ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று பழந்தமிழர் தனிப் பருவமாகவே பிரித்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி. நக்கீரரின் நெடுநல்வாடை முழுக்கக் கூதிர்க்காலத்துப் பாட்டு. அந்தக் குளிரில் சந்தனம் அரைக்க ஆளில்லை, விசிறிகள் சும்மா தொங்குகின்றன, பெண்கள் கூந்தலில் பூவைக் குறைத்துக்கொண்டு அகில் புகை ஊட்டுகிறார்கள். குளிர் வந்தால் அலங்காரம் வேறாகுமே தவிர நின்றுபோகாது என்பதை நக்கீரர் அன்றே கவனித்திருக்கிறார். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் முன்பனிக் காலத்துக்குச் சொல்லும் பக்குவமும் இதே போக்குதான்: குங்குமப்பூவும் கஸ்தூரியும் சேர்த்த பூச்சு, அகில் புகை, பட்டும் கம்பளமும் விரித்த படுக்கை. வைத்தியரின் அந்தப் பட்டியலில் மருந்து எது, சிங்காரம் எது என்று பிரிக்க முடியாது.

அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு திருமலையின் வாரத்தைப் பார்க்கலாம். வியாழக்கிழமை மூலவரின் நகைகளைக் களைகிறார்கள். நெற்றியின் பெரிய திருநாமத்தைக் குறுக்குவதால் மற்ற நாட்களில் மறைந்திருக்கும் கண்கள் தெரிகின்றன. நேத்திர தரிசனம் என்று இதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. மாலையில் பூலங்கி சேவை: பொன்னும் மணியும் இல்லாமல் பூவையே ஆடையாக உடுத்தி நிற்கிறார். வெள்ளி விடியற்காலையில் பாலும் மஞ்சளும் பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் கஸ்தூரியும் கொண்டு திருமஞ்சனம். புனுகு சாற்றிய பிறகு மறுபடியும் பட்டு. குளிர்காலத்துக்கென்று வைத்தியர் சொன்ன பண்டங்கள் அங்கே ஆண்டு முழுவதும் அந்தத் திருமேனிக்கு ஏறுகின்றன. வைகானச ஆகமத்தின் கணக்கில் வஸ்திரம் ஓர் உபசாரம். வீட்டுக்கு வந்தவருக்குக் கால் கழுவத் தண்ணீரும் உட்கார ஆசனமும் கொடுப்பதோடு சேர்ந்தது அது.

குளிருக்கென்றே தனியாகச் செய்வதைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும். கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில் ஆண்டாள், ரெங்கமன்னார், கருடாழ்வார் மூவருக்கும் 108 போர்வைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சாற்றுகிறார்கள். பனி தொடங்கிவிட்டது, இனிக் குளிரும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். அதே இரவில் ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளுக்கு, ஆண்டின் நாளுக்கு ஒன்றாக, 365 வஸ்திரங்கள். பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று ஒவ்வொரு துணியும் விரிந்து, திருமேனியைத் தொட்டு, அடுத்ததற்கு இடம் விடுகிறது. கதகதப்புக்கு ஒரு போர்வை போதும். மற்றவை கண்ணுக்கு.

பூரி ஜகந்நாதர் இன்னும் ஒரு படி மேலே. மார்கசீரிஷ மாதத்து வளர்பிறைச் சஷ்டியான ஓடண சஷ்டியில் தொடங்கி வசந்த பஞ்சமி வரை அவருக்கும் அண்ணனுக்கும் தங்கைக்கும் குளிர்கால உடை. கிழமைக்கு ஒரு நிறம் வேறு: ஞாயிறு சிவப்பு, வியாழன் மஞ்சள், வெள்ளி வெண்மை, சனி கறுப்பு. பத்ரிநாத்தில் நவம்பரில் நடை சாத்தும்போது, அருகிலுள்ள மாணா கிராமத்துப் பெண்கள் நெய்து தந்த கம்பளியை நெய்யில் தோய்த்துச் சாமிக்குப் போர்த்துகிறார்கள். ஆறு மாதம் பனிக்குள் கிடந்துவிட்டு நடை திறக்கும்போது அந்தக் கம்பளியின் இழைகளே பிரசாதம். அதைப் போர்த்துகிற தலைமை அர்ச்சகரான ராவல் கேரளத்து நம்பூதிரி என்பதையும் சொல்ல வேண்டும். பனியே பார்க்காத மண்ணில் பிறந்தவர் கையால் அந்தப் பனிக்கான போர்வை.

சித்தூருக்கு அருகே காணிப்பாக்கத்தில் கதை வேறு மாதிரி. சுயம்புவான அந்த வரசித்தி விநாயகருக்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பு ஒரு பெண் பக்தர் வெள்ளிக் கவசம் செய்து கொடுத்தார். இப்போது அது பிள்ளையாருக்குப் போதவில்லை, அவர் வளர்ந்துவிட்டார் என்கிறார்கள் கோயிலார். நம்புவதும் நம்பாததும் கேட்கிறவர் விருப்பம். போன தீபாவளிச் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்து ‘பத்தலையே’ என்று பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் தாயின் குரல்தான் அந்தச் சொல்லில் கேட்கிறது.

எதிர்த்தரப்பும் இந்த வட்டாரத்திலேயே பிறந்தது. ராயலசீமை தந்த தெலுங்குக் கவி வேமனாவின் பாடல்களை 1829இல் சார்லஸ் பிலிப் பிரவுன் அச்சில் கொண்டுவந்தார். கல்லைத் தெய்வமென்று சுற்றுகிறவர்களை வேமனா விட்டுவைக்கவில்லை. தமிழில் சித்தர் சிவவாக்கியர் செய்ததும் அதுவே. ஊர்களில் வைத்திருக்கும் வேமனாவின் படங்களும் சிலைகளும் அவரை ஆடையின்றியே காட்டுகின்றன. தன் உடம்புக்கே துணி வேண்டாம் என்றவர் கல்லுக்குப் பட்டு எதற்கு என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு வலு உண்டு. அதைப் பக்திக்குப் பகையென்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் வேமனாவின் கோபம் கல்லின்மேல் இல்லை. கல்லுக்குச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் பக்கத்து மனிதனை மறந்துபோகிறவர்கள்மேல்தான்.

இதற்கு வைணவம் தந்த பதில்களில் கூர்மையானது பிள்ளை லோகாசாரியாருடையது. இறைவன் எடுத்த நிலைகளில் அர்ச்சாவதாரம், அதாவது கோயில் திருமேனி, எல்லாவற்றிலும் எளியது என்பார் அவர். எல்லாம் வல்லவன் அங்கே ஒன்றும் மாட்டாதவன்போல இருக்கிறான். யாருக்கும் கட்டுப்படாதவன் உண்பதற்கும் நீராடுவதற்கும் உடுப்பதற்கும் உறங்குவதற்கும் அர்ச்சகனின் கையை எதிர்பார்க்கிறான். தத்துவத்திரயம் இதைக் கடவுளின் குறையாகச் சொல்லவில்லை, அவன் விரும்பி ஏற்ற எளிமையாகச் சொல்கிறது. இந்தக் கண்ணோட்டத்தில் ‘குளிருமா’ என்ற கேள்வியின் தலையெழுத்தே மாறிவிடுகிறது. குளிர்கிற நிலைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்திருக்கிறான் என்றால், போர்த்தாமல் விட்டவன் கைதான் குற்றவாளி.

திருமலையின் கதைகள் இதையே இன்னும் பச்சையாகச் சொல்கின்றன. ராமானுஜர் சொல்லுக்காக மலையேறி வந்து நந்தவனம் வைத்த அனந்தாழ்வான் குளம் வெட்டிக்கொண்டிருந்தார். மண் சுமந்தவர் கருவுற்றிருந்த மனைவி. சிறுவன் வடிவில் வந்து அவளுக்கு உதவிய பெருமாளைக் கைங்கரியத்துக்கு இடைஞ்சல் என்று விரட்டிப்போய்க் கடப்பாரையை எறிந்தார் அனந்தாழ்வான். கோயிலில் மூலவரின் மோவாயில் ரத்தம். அதற்கு மருந்தாக வைத்த பச்சைக் கற்பூரம் இன்றைக்கும் அந்த மோவாயில் இருக்கிறது. கடப்பாரை மகாதுவாரத்துச் சுவரில் தொங்குகிறது. ரத்தம் கசிகிற மோவாய் உள்ளவருக்குக் குளிரும் உறைக்கத்தான் செய்யும்.

பூரியில் நடந்ததாகச் சைதன்ய சரிதாமிருதம் சொல்வது இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. ஓடண சஷ்டியன்று ஜகந்நாதருக்குக் கஞ்சிப் பசை போகாத, துவைக்காத புதுத்துணியைச் சாற்றுவது வழக்கம். சைதன்யரின் அன்பர் புண்டரீக வித்யாநிதி அதைப் பார்த்து முகம் சுளித்தார். மடி பார்க்கிறவர்களுக்குக் கஞ்சித்துணி தீட்டு. அன்றிரவு கனவில் ஜகந்நாதரும் பலராமரும் வந்து அவருடைய இரண்டு கன்னங்களிலும் மாறி மாறி அறைந்தார்கள். விடிந்து பார்த்தால் கன்னம் வீங்கியிருந்தது. எது சுத்தம் என்பதைவிட யார் ஆசையோடு போர்த்தினார்கள் என்பதையே அந்தச் சகோதரர்கள் கணக்கில் வைத்ததாக அந்த நூல் நம்புகிறது. மடி, ஆசாரம் என்று தமிழ், தெலுங்கு எல்லையின் இருபுறமும் இன்றுவரை மனிதர்களைத் தள்ளி நிறுத்துகிறவர்கள் வித்யாநிதியின் வீங்கிய கன்னத்தை ஒருமுறை நினைக்கலாம்.

தமிழுக்கு இந்த வழக்கு பக்தி இயக்கத்துக்கும் முந்தையது. பொதினி மலையை ஆண்ட பேகன், குளிரில் நடுங்குவதாக நினைத்து மயிலுக்குப் போர்வை கொடுத்தான். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. மயில் அதை உடுக்காது, போர்க்காது என்பது அவனுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கொடுத்தான் என்கிறார் சங்கப் புலவர் பரணர். மறுமைக்குச் சேர்த்து வைக்கும் கணக்கு அவனிடம் இல்லை, எதிரில் நிற்பவரின் இல்லாமை மட்டுமே அவன் கையைத் திறந்தது என்றும் சொல்கிறார். 108 போர்வைக்கும் நெய்க் கம்பளிக்கும் இதைவிட நல்ல வழக்குரை கிடையாது.

கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. பாடப்புத்தகங்கள் விட்டுவிடுகிற பாதி இனித்தான் வருகிறது. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தி வீட்டில் இருந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் போய் அவளுக்காகப் பேசினார்கள். பரிசில் வேண்டாம், பசியும் இல்லை, சுமக்கச் சுற்றமும் இல்லை. இன்றிரவே தேரேறி அவளிடம் போ, அதுதான் நாங்கள் கேட்கும் கொடை என்றார் பரணர். மயிலுக்குப் போர்வை தந்தவனே என்று விளித்துவிட்டுத்தான் கேட்கிறார். புகழ்ச்சியே சாட்டையாகிறது. வாரப்படாமல் கிடக்கும் அவள் கூந்தலுக்கு நறும்புகையும் பூவும் வேண்டும் என்கிறது இன்னொரு பாட்டு. போர்வையைப் பாராட்டுகிற அதே வாய், போர்த்தப்படாதவளைக் காட்டுகிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க அந்தப் புலவர்களுக்கு மனம் வரவில்லை.

கைசிக ஏகாதசி இரவின் நாயகனும் வெளியே நின்றவன்தான். வராக புராணத்தின் கைசிக மாகாத்மியத்தில் வருகிற நம்பாடுவான், திருக்குறுங்குடி நம்பியைப் பாடும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பாணன். கார்த்திகை ஏகாதசி இரவில் விரதத்தோடு போகிறவனை ஒரு பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றி அவன் திரும்பி வருகிறான். பாட்டின் பலனால் ராட்சசனுக்கும் விமோசனம் கிடைக்கிறது. கோயிலுக்குள் அவனுக்கு அனுமதி இல்லை. வாசலில் நின்றவனுக்குப் பெருமாளைக் காட்டக் கொடிமரம் விலகி நின்றது என்று திருக்குறுங்குடியில் காட்டுவார்கள். இந்தப் புராணம் வாசிக்கிற இரவில்தான் உள்ளே இருப்பவருக்கு நூற்றுக்கணக்கான போர்வைகள் ஏறுகின்றன. கூதிர்க்காலத்து நள்ளிரவில் வெளியே நின்று பாடியவன் தோளில் என்ன இருந்தது என்று புராணம் சொல்லவில்லை. வாசிக்கிற நாம் கேட்கலாம். கேட்டால் பெருமாள் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கொடிமரத்தையே நகர்த்தியவர் அவர்.

உடையைக் குறைத்துக்கொள்வதும் இந்த வட்டாரத்தில் ஒரு வழிபாடு. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியோடு கார்த்திகை விடியலில் பச்சைத்தண்ணீரில் குளிக்கிறார்கள். திருமலைக் கோயிலுக்குள் நுழைந்ததும் தன் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரின் செப்புச்சிலையைப் பார்க்கலாம். விஜயநகர அரசவையில் பாரசீகப் பாணியில் நீண்ட அங்கியும் உயரமான கூம்புக் குல்லாயும் அணிவார்கள். சிலையில் குல்லாய் இருக்கிறது, அங்கி இல்லை. ஏழுமுறை இந்த மலைக்கு வந்த அரசர், வெற்று மார்போடு நிற்பதையே நிரந்தரமாக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆனால் துறப்பைப் பெரிதாக்கி அலங்காரத்தைச் சின்னதாக்கும் வழக்கம் ஒருபோதும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே மாதிரி விழவில்லை. இதற்குச் சாட்சி பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் 1730இல் பிறந்த வெங்கமாம்பா. சிறுவயதிலேயே கணவரை இழந்தவர். பொட்டை அழி, தலையை மழி, வளையலை உடை என்றது ஊர். தன் கணவன் வேங்கடேசன், அவன் இருக்கிறான், ஆகவே பூவும் பொட்டும் இருக்கும் என்றார் அவர். விசாரிக்க வந்த மடாதிபதி தனக்கு வணக்கம் செலுத்தச் சொன்னபோது, ஆசனத்தை விட்டு எழுந்திருங்கள் என்று கேட்டு அந்த ஆசனத்தை வணங்கியதாகவும், அது தீப்பற்றி எரிந்ததாகவும் கதை. ஆசனம் எரிந்ததோ இல்லையோ, அவர் தலைமுடி போகவில்லை. பிறகு திருமலைக்கே வந்து சேர்ந்தார். வேங்கடாசல மாகாத்மியம் உள்ளிட்ட நூல்களைத் தெலுங்கில் எழுதினார். வந்தவர்களுக்குச் சோறு போட்டார். 1817இல் மறைந்தார். திருமலையில் இரவு ஏகாந்த சேவையில் பெருமாள் உறங்கப் போவதற்கு முன் காட்டும் முத்தியால ஆரத்தி அவர் பெயரில் இன்றும் நடக்கிறது. லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடும் அன்னப்பிரசாதக் கூடத்துக்கும் அவர் பெயர்தான்.

சமயத்துக்குள் அலங்காரத்துக்கு இடமுண்டா என்று கேட்டால், வெங்கமாம்பா இருக்கிறார் என்பதே பதிலாகப் போதும். அவருக்கு முன்னால் ஆண்டாள். திருப்பாவை நோன்பு மையும் மலரும் வேண்டாம் என்று தொடங்குகிறது. இருபத்தேழாம் பாட்டில் வளையும் தோடும் புத்தாடையும் கேட்டுப் பெற்று முடிகிறது. மார்கழி முழுக்கத் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் ஒலிப்பது இந்தப் பாவைதான். குளிர்ந்த நீராட்டம், அதற்குப் பிறகு நகையும் துணியும் நெய்ச்சோறும். விட்டதெல்லாம் அவன் கையால் திரும்பி வர வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

கார்த்திகையில் திருச்சானூரில் பத்மாவதித் தாயாருக்குப் பிரம்மோற்சவம். கடைசி நாளான பஞ்சமி தீர்த்தத்துக்குத் திருமலையிலிருந்து பட்டுப்புடவை, மஞ்சள், குங்குமம், பட்சணம் என்று சீர் இறங்கி வரும். யானைமேல் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுவருகிறார்கள். மலைமேல் இருக்கிற கணவர் கீழே இருக்கிற மனைவிக்கு அனுப்புகிற புடவை. நான்கு புலவர்கள் கெஞ்சியும் பேகன் செய்தானா என்று தெரியாததை இந்தப் பெருமாள் ஆண்டு தவறாமல் செய்துவிடுகிறார்.

திருமலைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவேயும் இப்படி ஒரு துணிப் போக்குவரத்து உண்டு. திருமலையின் ஆனிவார ஆஸ்தான விழாவுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து திருமலைக்கு வஸ்திரம் போகிறது. கைசிக ஏகாதசிக்குத் திருமலையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வருகிறது. இரண்டு பெரிய கோயில்களின் மரியாதைப் பரிமாற்றம் என்று செய்தித்தாள்கள் ஒரு படத்தோடு முடித்துவிடும். அதற்குப் பின்னால் இருப்பது ஓர் அகதியின் கதை.

1323இல் தில்லிப் படை ஸ்ரீரங்கத்தை நெருங்கியபோது உற்சவரான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடியவர்களின் தலைவர் யார் தெரியுமா? முதுமையில் தள்ளாடிய பிள்ளை லோகாசாரியார். கடவுள் நம் கையை எதிர்பார்த்து நிற்கிறான் என்று எழுதியவர் அதைத் தோளில் சுமந்து பார்த்தார். மதுரைக்குப் பக்கத்தில் சோதிஷ்குடியில் அவர் உயிர் போயிற்று. மற்றவர்கள் சுமையைத் தொடர்ந்தார்கள். மலையாளக் கரை, மேல்கோட்டை என்று சுற்றிக் கடைசியில் உற்சவமூர்த்தி வந்து சேர்ந்த புகலிடம் திருமலை. அங்கே அவர் இருந்த இடம்தான் ரங்கநாயகுல மண்டபம். காவிரிக்கரை வெயிலுக்குப் பழகிய பெருமாள் பல ஆண்டுக் கூதிரையும் முன்பனியையும் அந்த மலைமேல் கழித்தார். விஜயநகரத்தின் பிரதிநிதியாகச் செஞ்சியில் இருந்த கோபணார்யர் 1371இல் அவரைத் திருமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திரும்பக் கொண்டுவந்தார். வேதாந்த தேசிகர் இதைப் போற்றிப் பாடிய சுலோகம் ஸ்ரீரங்கத்தில் கல்வெட்டாக இருக்கிறது.

திரும்பி வந்தபோது ஒரு சிக்கல். ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. போனவரைப் பார்த்த கண்கள் ஊரில் இல்லை. இடையில் வேறொரு திருமேனியை வைத்து உற்சவம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இவரா அவரா, யார் பழைய பெருமாள்? ஆகமம் படித்தவர்களால் சொல்ல முடியவில்லை. கடைசியில் தேடிப்பிடித்தது ஒரு கிழட்டு வண்ணாரை. ஈரங்கொல்லி என்று ஸ்ரீரங்கத்தின் கோயில் வரலாறான கோயிலொழுகு அவரைக் குறிக்கிறது. கண் பார்வை போய்விட்டிருந்தது. இருவருக்கும் திருமஞ்சனம் செய்வித்து, ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தைக் கொடுங்கள், சொல்கிறேன் என்றார். ஒன்றைக் குடித்தார், பேசாமல் இருந்தார். அடுத்ததைக் குடித்ததும் கஸ்தூரி மணத்தில் அவருக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. இவரே நம்பெருமாள் என்று கூவினார். பெருமாளுக்கு இன்றுவரை நிலைத்திருக்கும் அந்தப் பெயர் அவர் வைத்ததுதான்.

கருவறைக்குள் ஒருநாளும் போயிருக்க முடியாதவர் அந்த வண்ணார். அவர் கைக்கு வந்ததெல்லாம் களைந்த ஆடை. அதை வெளுத்து, உலர்த்தி, மடித்துத் திருப்பி அனுப்பியதில், அருகிலேயே நின்றவர்கள் மறந்துபோனதை அவர் உடம்பு ஞாபகம் வைத்திருந்தது. குளிருமா குளிராதா என்ற வழக்கில் வேமனாவையும் லோகாசாரியாரையும் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இந்த மூன்றாவது சாட்சியைக் கூப்பிடுவதே இல்லை.

ரங்கநாயகுல மண்டபம் இப்போது பிரமுகர்களுக்கு வேத ஆசீர்வாதம் நடக்கும் இடம். அமைச்சர்களும் நீதிபதிகளும் நடிகர்களும் தரிசனம் முடித்து அங்கே வந்து நிற்க, பண்டிதர்கள் ஆசி கூறுகிறார்கள். சேஷவஸ்திரமும் பிரசாதமும் தருகிறார்கள். பெருமாளுடைய துணி தோளில் விழுவதைப் பெரும் பேறாக நினைத்து அவர்கள் குனிகிறார்கள், நினைக்க வேண்டியதும்தான். அந்த நேரத்தில் பண்டிதர்களில் ஒருவர் அந்த ஈரங்கொல்லியின் கதையையும் இரண்டு நிமிடம் எடுத்துச் சொன்னால், துணியை வாங்கிக்கொள்கிறவருக்கு அது எந்தக் கைகளின் வழியாக வருகிறது என்று தெரிந்திருக்கும்.